கோவைக்கு வர்ற கலைஞருக்கு மேடை எங்க இருக்கு?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அனுப்புனவங்களுக்கு பெங்களூர்ல ஐடி வேலை. மூணு வருஷமா வாரக்கடைசியில பறை பழகுறாங்க. இப்போ ஆறு மாசம் ப்ராஜெக்ட்டுக்காகக் கோவை வர்றாங்க, சிங்காநல்லூர்ல ரூம் எடுத்தாச்சு. "அங்க வாசிக்கிறதுக்கு எங்க சான்ஸ் கிடைக்கும்?" இதுதான் கேள்வி.

நான் சிங்காநல்லூர்லயே வளந்தவன். அதனால பதிலை எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

மதுரை, திருச்சி பக்கம் போற, வர்ற பஸ் எல்லாம் இங்கதான் நிக்கும். திருவிழா சீசன்ல விடியக்காலைல டீக்கடை பக்கம் நின்னீங்கன்னா, துணி உறை போட்ட தவில், உருமி, பம்பையோட ஆளுங்க இறங்குறதைப் பாக்கலாம். கரகம் மட்டும் தனியா அட்டைப்பெட்டியில பத்திரமா வரும். வெளியூர்க் கலைஞர் கோவைக்கு வந்து ஆடுறது புதுசே இல்லைங்க. அவங்களுக்கு மட்டும் எப்படி வாய்ப்பு வருது?

கோயில் கமிட்டிக்காரர் ஒரு குழுத் தலைவருக்கு போன் பண்றார். தேதி, எத்தனை பேர், எவ்வளவு தொகைன்னு பேசி முன்பணம் கொடுக்கிறார். கூட ரெண்டு ஆள் தேவைப்பட்டா, குழுத் தலைவர் தனக்குத் தெரிஞ்சவங்களைக் கூப்பிடுறார். அவ்வளவுதான். இங்க வாய்ப்பு தனி ஆளுக்கு வராது, குழுவுக்குத்தான் வரும். அதனால மேடையைத் தேடாதீங்க, முதல்ல குழுவைத் தேடுங்க.

எந்த மாசம் வர்றீங்க?

கொங்குல தை தொடங்கி வைகாசி வரைக்கும்தான் பெரிய சீசன். தைப்பூசத்துக்கு மருதமலைக்கும் பழனிக்கும் காவடி போகும். மாசியில கோவை கோனியம்மன் தேர். பங்குனி, சித்திரையில ஊர் ஊரா மாரியம்மன் நோம்பி. ஈரோடு பெரிய மாரியம்மன் கோயில் மாதிரி இடங்கள்ல கோயில் முன்னாடி முக்கிளை மரத்தைக் கம்பமா நட்டு, பல ராத்திரி அதைச் சுத்தி ஆடுவாங்க. அந்த ஆட்டத்துக்கு மேடையும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. ஆனா யார் ஆடலாம், எப்போ ஆடலாம்னு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வழக்கம் இருக்கு. அதைக் கேட்டுட்டு உள்ள போங்க.

ஐப்பசி, கார்த்திகை மழையில வந்து நிகழ்ச்சி தேடுனா ஏமாந்துதான் போவீங்க. ஆனா உக்காந்து கத்துக்க அந்த மாசங்கள் வசதி, வாத்தியார்களும் ஊர்ல இருப்பாங்க.

சுலபமான வாசல்: கும்மி

வள்ளி கும்மி, ஒயில் கும்மி பாத்திருப்பீங்க. வள்ளி முருகனைக் கட்டுன கதையைப் பாட்டாப் பாடிக்கிட்டே சுத்தி ஆடுறது. ஒரு ஆசிரியர் ஊருக்கு வந்து சாயங்காலம் சாயங்காலம் வாரக்கணக்குல பயிற்சி கொடுப்பார். முடிஞ்சதும் கோயில் திடல்ல அரங்கேற்றம். சின்னக் குழந்தையும் பாட்டியும் ஒரே வட்டத்துல ஆடுவாங்க.

வெளியூர்லருந்து வர்றவங்களுக்கு இதுதான் நல்ல வாசல். முன்னாடியே ஆடத் தெரிஞ்சிருக்கணும்னு யாரும் எதிர்பாக்க மாட்டாங்க. ரெண்டு மாசம் ஒழுங்கா வகுப்புக்குப் போனா அரங்கேற்றத்துல உங்களுக்கும் ஒரு இடம் இருக்கும். கோவை மாவட்டத்துக்காரர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க, அப்போ அவருக்கு 87 வயசு. வள்ளி ஒயில் கும்மி ஒரு காலத்துல ஆம்பளைங்க மட்டும் ஆடுனது. அதைப் பொண்ணுங்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர் அவர். இன்னைக்கு ஐடி கம்பெனியில வேலை பாக்குற பொண்ணுங்க சனி ஞாயிறுல போய் ஆட முடியுதுன்னா, அவரை மாதிரி ஆசிரியர்கள் அன்னைக்குக் கதவைத் திறந்து விட்டதுதான் காரணம்.

பெருஞ்சலங்கை ஆட்டம் அந்த மாதிரி இல்லை. கால்ல பெரிய சலங்கை, அடி கணக்கு கடினம், கூட ஜமாப் மேளம். முதல்ல நின்னு பாருங்க. அதுக்கப்புறம் வாத்தியார்கிட்ட போங்க.

வெளியாள் எவ்வளவு தூரம் உள்ள வரலாம்?

வெளிநாட்டுல இருந்து இங்க ஆய்வுக்கு வந்தவங்க பிரெண்டா பெக். 1960-கள்ல காங்கயம் பக்கத்துல ஓலப்பாளையத்துல தங்குனாங்க. உடுக்கை அடிச்சுச் சொல்ற அண்ணன்மார் கதையை, அதாவது பொன்னர் சங்கர் கதையை, ராத்திரி ராத்திரியா உக்காந்து டேப்ல பதிவு பண்ணாங்க. பின்னாடி அதே கதை 26 பாகம் கார்ட்டூனாவும் வந்துச்சு. ஒரு வாரம் வந்து மைக் நீட்டிட்டுப் போயிருந்தா அந்தப் பதிவு கிடைச்சிருக்காது. ஊர்லயே குடியிருந்ததாலதான் கிடைச்சுது. உங்களுக்கு ஆறு மாசம் இருக்கு. முதல் ரெண்டு மாசம் வாசிக்கவே வேண்டாம், கேளுங்க.

அரசு வழி

கலை பண்பாட்டுத் துறையோட கோவை மண்டல அலுவலகம் மலுமிச்சம்பட்டியில இருக்கு. அரசு இசைக் கல்லூரியும் அந்தப் பக்கம்தான். பதிவு பண்ண குழுக்கள் யாருன்னு அங்க நேர்ல போய்க் கேளுங்க. 2007-ல தொடங்குன சென்னை சங்கமம் இடையில நின்னு 2023-ல திரும்ப வந்துச்சு. அப்புறம் கோவை மாதிரி மத்த நகரங்களுக்கும் கலைஞர் தேர்வு நடத்துனாங்க. அதுலயும் குழுவாத்தான் போகணும். வருஷா வருஷம் நடக்குற கோவை விழாவையும் கண்ணுல வச்சுக்குங்க.

வெளிநாட்டுல இருந்து கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை: சுற்றுலா விசாவுல வந்து காசு வாங்கி ஆடக்கூடாது. கத்துக்கலாம், பாக்கலாம். சம்பளம்னா அதுக்குரிய விசா வேணும்.

நான் பண்ண தப்பு

காலேஜ்ல நாங்க எட்டுப் பேர் பறை பழகினோம். வேலைக்கு வந்த அப்புறம் ஒரு கம்பெனியில பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டாங்க. எங்களுக்கு ஒரே சந்தோஷம். "காசெல்லாம் வேண்டாம் சார், சாப்பாடு போதும்"னு சொன்னேன். பெருந்தன்மைன்னு நினைச்சுக்கிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு, எனக்குச் சொல்லிக் கொடுத்த அண்ணன் ஒரு டீக்கடையில வச்சுச் சாதாரணமா சொன்னார்: "அந்தக் கம்பெனிக்கு நாலு வருஷமா நாங்கதான் போயிட்டிருந்தோம் தம்பி. இந்த வருஷம் யாரோ பசங்க சும்மாவே அடிக்கிறாங்கன்னு சொல்லிட்டாங்க." அந்த யாரோ நாங்கதான்னு அவர்கிட்ட சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆச்சு. அவர் திட்டவே இல்லை. "அடுத்த தடவை ரேட்டு கேளு"ன்னு மட்டும் சொன்னார்.

பறையைப் பொறுத்தவரை இது வெறும் காசுக் கணக்கு இல்லைங்க. சாவு வீட்டுல அடிச்சே ஆகணும்னு தலைமுறை தலைமுறையாக் கட்டாயப்படுத்தப்பட்ட மக்களோட கருவி அது. கூலி சரியா கேக்கவே அவங்க போராட வேண்டியிருந்துச்சு. மதுரை வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைச்சப்போ நம்ம எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சோம். அதே கருவியை நம்ம இலவசமா வாசிச்சா, அவங்க கேக்குற கூலி அதிகமாத் தெரியும். நமக்கு மாசா மாசம் சம்பளம் வந்துடும். அவங்களுக்கு அந்த சீசன்தான் சம்பளம்.

அதனால இப்போ நான் வச்சிருக்குற வழக்கம் இது. கும்மி வட்டத்துல, கம்பத்துல, நண்பர்கள் கூட்டத்துல சும்மா ஆடலாம், வாசிக்கலாம். ஆனா யாராவது பணம் கொடுத்துக் குழு கூப்பிடுற இடம்னா, குழுவோட போங்க, குழுவோட ரேட்டுலயே போங்க. உங்க பங்கு வேண்டாம்னா குழுக்குள்ள கொடுத்துடுங்க, விழா நடத்துறவங்களுக்குத் தள்ளுபடி பண்ணாதீங்க.

கடைசியா, ரூம் சமாச்சாரம்

பறைத்தோலை நெருப்புல காய்ச்சணும், மூணாவது மாடி ரூம்ல அது நடக்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தத்துக்குச் சட்டப்படி கட்டுப்பாடும் இருக்கு. சிங்காநல்லூர் குளக்கரை பக்கத்துலதானேன்னு அங்க போயிடாதீங்க. அது பல்லுயிர்ப் பாதுகாப்புப் பகுதி, பறவைங்க இருக்கு. குழு பழகுற திடலுக்கே போங்க. நெருப்பும் அங்க இருக்கும், ஆளும் இருப்பாங்க.

வாய்ஸ் நோட் அனுப்புன தோழருக்கு: நீங்க வந்ததும் சொல்லுங்க. அந்த அண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போறேன். பறையை ரூம்லயே வச்சுட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்ங்க.