நர்மதைக் கரைப் பாடலை நகரங்களுக்குக் கொண்டுவந்த தில்லி இசைக்குழு

புதுதில்லி:

நர்மதையைத் தாயாகப் போற்றி அதன் கரையோர மக்கள் பாடும் ஒரு நாட்டுப்பாடல், பெருநகர மேடைகளில் இளைஞர்களின் குரலோடு சேர்ந்து ஒலிக்கிறது. ‘மா ரேவா’ என்னும் அப்பாடலை நகரங்களுக்குக் கொண்டு சேர்த்தது ‘இந்தியன் ஓஷன்’ இசைக்குழு. ஜாஸ், ராக், நாட்டுப்புற இசை, இந்துஸ்தானி ஆகியவற்றை இணைக்கும் இக்குழு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி வருகிறது.

கிதார் கலைஞர் சுஷ்மித் சென்னும், தபலா கலைஞரும் பாடகருமான அசீம் சக்ரவர்த்தியும் 1990ல் தில்லியில் இதனைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு இணைந்த ராகுல் ராம், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நர்மதை பாதுகாப்பு இயக்கத்தில் பணியாற்றியவர். அப்பள்ளத்தாக்கில் அவர் கேட்ட பாடல்கள் குழுவின் இசையில் இடம்பெற்றன.

வீதி நாடகம் நடத்திக் கொண்டிருந்தபோது 1989 ஜனவரி 1 அன்று தாக்கப்பட்டு, மறுநாள் உயிரிழந்தவர் நாடகக் கலைஞர் சஃப்தர் ஹஷ்மி. அவர் நினைவாக 1997 புத்தாண்டு நாளில் தில்லியில் நடந்த நிகழ்ச்சியில் இக்குழு வாசித்ததே ‘டெசர்ட் ரெயின்’ இசைத்தொகுப்பாக வெளிவந்தது.

2000ல் வெளியான ‘காண்டிசா’ குழுவுக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. கேரள சிரியன் கிறிஸ்தவர்களின் பழமையான சிரியாக் மொழித் துதிப்பாடலும், கவிஞர் கோரக் பாண்டேயின் போஜ்புரிப் பாடலும், ‘மா ரேவா’வும் அத்தொகுப்பில் உள்ளன. அதே ஆண்டு அக்டோபரில்தான் சர்தார் சரோவர் அணைப் பணியைத் தொடர உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்தது. 2017 செப்டம்பரில் அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

மும்பை குண்டுவெடிப்பு வழக்கைக் காரணம் காட்டித் தடுக்கப்பட்ட ‘பிளாக் ஃபிரைடே’ திரைப்படம் 2007ல்தான் திரைக்கு வந்தது. இக்குழு இசையமைத்த அதன் ‘பந்தே’ பாடல் அதற்கு முன்பே மக்களிடம் பரவியிருந்தது.

அசீம் 2009 டிசம்பர் 25 அன்று காலமானார். அவரது குரல் பதிவான ‘16/330 கஜூர் ரோடு’ தொகுப்பின் பாடல்கள், மாதம் ஒன்றாக 2010 முதல் இலவசமாக வெளியிடப்பட்டன. குழுவினர் பயிற்சி செய்துவந்த கரோல்பாக் வீட்டின் முகவரியே அத்தொகுப்பின் பெயர். 2013ல் சுஷ்மித் சென்னும் விலகினார்.

நிறுவனர் இருவரும் இல்லாத நிலையிலும் புதிய கலைஞர்களுடன் குழு நிலைத்தது. 2015ல் ‘மசான்’ படத்துக்கு இசையமைத்தது. 2023ல் ‘து ஹை’ தொகுப்பை வெளியிட்டது. அணை எழுந்துவிட்டது, கிராமங்கள் நீரில் மூழ்கிவிட்டன. அம்மக்களின் பாடல் மட்டும், அந்நதியை ஒருமுறையும் கண்டிராதவர்களின் நாவிலும் வாழ்கிறது.