சிகிச்சை குறைந்ததா, வகுப்பறைக்கு மாறியதா?

"இனி உங்கள் பிள்ளையைச் சிகிச்சையாளர் தனியே அழைத்துச் செல்லமாட்டார், ஆசிரியருக்கு ஆலோசனை வழங்குவார்." பள்ளியிலிருந்து இப்படித் தகவல் வந்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? கிடைத்துவந்த உதவியைக் குறைத்துவிட்டார்கள் என்றுதான் பல பெற்றோர் வருந்துவர். அது எப்போதும் உண்மையல்ல.

'ஆக்குப்பேஷனல் தெரபி' எனப்படும் செயல்வழிச் சிகிச்சை, அன்றாட வேலைகளைப் பிள்ளை தானே செய்ய உதவுகிறது. எழுதுவது, கத்தரிக்கோல் பிடிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, அமர்ந்து பாடத்தைக் கவனிப்பது எல்லாம் இதில் அடங்கும்.

பள்ளிகளில் இச்சேவை இரு வகைப்படும். நேரடிச் சேவையில் சிகிச்சையாளரே பிள்ளையுடன், தனியாகவோ சிறு குழுவிலோ, பயிற்சி செய்வார். ஆலோசனைச் சேவையில் அவர் வகுப்பில் பிள்ளையைக் கவனித்து, ஆசிரியருக்கு வழிகாட்டுவார்.

எழுதும்போது விரைவில் கை சோர்ந்துபோகும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். நேரடிச் சேவையில் விரல்களுக்குப் பயிற்சியும் எழுத்தை வடிவமைக்கும் முறையும் கற்பிக்கப்படும். ஆலோசனைச் சேவையில், பிள்ளையின் கால் தரையில் படவில்லை என்பதைச் சிகிச்சையாளர் கண்டறியலாம். கால் வைக்க ஒரு சிறு பலகை, வெண்பலகைக்குப் பதிலாக மேசையிலேயே பார்த்து எழுத ஒரு தாள் என அவர் பரிந்துரைப்பார். சில வாரங்கள் கழித்து வந்து, பலன் உண்டா என்று பார்ப்பார்.

வாரத்திற்கு 30 நிமிடப் பயிற்சி என்றால், ஏறக்குறைய 30 மணி நேரப் பள்ளி வாரத்தில் அது 60இல் ஒரு பங்குதான். தனியறையில் நன்றாக எழுதும் பிள்ளை, வகுப்பில் தடுமாறுவதும் உண்டு. ஆலோசனைச் சேவை மற்ற நேரத்தையும் பயன்படுத்த முயல்கிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'பார்ட்னரிங் ஃபார் சேஞ்ச்' என்ற முறையை உருவாக்கினர். உடலசைவு ஒருங்கிணைப்புக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கானது அது. பள்ளி வயதினரில் 100க்கு 5 அல்லது 6 பேருக்கு இக்குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. சிகிச்சையாளர் வகுப்பறைக்கே வந்து, முதலில் எல்லா மாணவர்க்கும் பயன்படும் மாற்றங்களைச் செய்வார். பிறகு கூடுதல் உதவி தேவைப்படுவோரைக் கவனிப்பார்.

அப்படியானால் நேரடிச் சேவை வேண்டாமா? வேண்டும். கையில் அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளைக்கும், புதிய திறனை அடிப்படையிலிருந்து கற்க வேண்டியவருக்கும் பயிற்சி பெற்றவரின் கை தேவை. இரண்டையும் சேர்த்து வழங்குவதும் உண்டு.

ஆலோசனை, ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதோடு நின்றுவிடும்போதுதான் ஆபத்து. நேரமில்லாத ஆசிரியரின் மேசையில் அந்தத் தாள் கிடந்தால் பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது. அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டம், சேவை எத்தனை முறை, எங்கே, எவ்வளவு நேரம் என்பதைப் பிள்ளையின் தனிக் கல்வித் திட்டத்தில் எழுதவேண்டும் என்கிறது.

இங்கும் நீங்கள் அவ்வாறே கேட்கலாம். வகுப்பில் இதைத் தினமும் செய்பவர் யார்? சிகிச்சையாளர் மறுபடி எப்போது வருவார்? முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பீர்கள்? பலனில்லையென்றால் நேரடிச் சேவைக்குத் திரும்ப முடியுமா?

தெளிவான பதில் கிடைத்தால், உதவி குறையவில்லை, வகுப்பறைக்கு மாறியிருக்கிறது என்று நம்பலாம். கிடைக்காவிட்டால், மீண்டும் கேளுங்கள்.