ஒரு துளி ரத்தம் – 9: மெட்ராஸ் வேட்டைநாய்கள்

இதயப்புழுவின் குஞ்சுகளை ரத்தத்தில் தேடுவது எப்படி என்று சென்ற வாரம் பார்த்தாயிற்று. நாட் பரிசோதனையும் ஆன்டிஜென் கிட்டும் நினைவிருக்கும், திரும்பச் சொல்லப்போவதில்லை. இந்த வாரம் பிசிஆர் என்னும் மரபணுப் பரிசோதனை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காகப் படிக்க உட்கார்ந்தபோது 1910-இல் வந்த கட்டுரை ஒன்றின் தலைப்பு கண்ணில் பட்டது. அதைவிட்டு நகரவே மனம் வரவில்லை.

எழுதியவர் வால்டர் ஸ்காட் பேட்டன். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த டாக்டர், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தவர். வெளியிட்டது ஒரு பிரெஞ்சு வெப்பமண்டல நோயியல் இதழ். மெட்ராஸ் ஹன்ட்டின் வேட்டைநாய்களிடம் காணப்பட்டு, பிறகு நரியின் ரத்தத்திலும் கண்டறியப்பட்ட ஒரு புதிய ஒட்டுண்ணியைப் பற்றிய முதற்கட்ட அறிக்கை என்பதுதான் அந்த நீளமான தலைப்பின் பொருள். அன்று அவர் பைரோபிளாஸ்மா என்ற பேரினப் பெயரில் சேர்த்த அந்த உயிரிதான் இன்றைய பேபிசியா கிப்சோனி. ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நாய் டாக்டர்களைப் படாதபாடு படுத்தும் இந்த ஒட்டுண்ணி, அறிவியல் ஏட்டில் முதன்முதலாக ஏறியது நம் ஊர் நாய்களின் ரத்தத்தைக் கொண்டு!

கொரோனா காலத்தில் கிங் இன்ஸ்டிடியூட் பெயரைக் கேள்விப்படாத சென்னைக்காரர் இருக்க முடியாது. 2023-இல் அதே வளாகத்தில் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும் வந்துவிட்டது. கிண்டிப் பக்கம் போகிறபோதெல்லாம், இங்கேதான் ஒருவர் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து நாயின் சிவப்பணுக்களை எண்ணிக்கொண்டிருந்தார் என்ற எண்ணம் இனி எனக்கு வராமல் இருக்காது.

மெட்ராஸ் ஹன்ட் என்பது வெள்ளைக்காரர்களின் வேட்டைக் கழகம். இங்கிலாந்தில் குதிரைமேல் ஏறி நாய்க்கூட்டத்தோடு செந்நரியை விரட்டிய பழக்கத்தை இங்கேயும் விடவில்லை. அந்த நரி இங்கே கிடையாது, அதனால் நம் குள்ளநரியை விரட்டினார்கள். இதே வழக்கத்தில் வந்த ஊட்டி ஹன்ட்டின் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். புதர்க்காட்டுக்குள் நரிபின்னால் ஓடுகிற நாய் உண்ணியோடு திரும்பும். இந்த ஒட்டுண்ணியைப் பரப்புவது உண்ணிதான். அந்த உண்ணி நேற்றுவரை யார் ரத்தத்தைக் குடித்தது? என்னை மலைக்க வைப்பது பேட்டனுடைய வேலையின் இந்தப் பகுதிதான். நாயிடம் கண்டதோடு அவர் நிற்கவில்லை. நாய் துரத்திய மிருகத்தின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார், அதே உயிரி அங்கேயும் இருந்தது. நோயாளியின் ஸ்லைடைப் பார்த்து முடித்ததும், இது இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிற மனசு அபூர்வம். கிண்டி தேசியப் பூங்காவில் இன்றைக்கும் குள்ளநரி உண்டு.

பேட்டனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1913-இல் இவரும் பிரான்சிஸ் கிராக் என்ற சகாவும் சேர்ந்து மருத்துவப் பூச்சியியலுக்கு ஒரு பெரிய பாடநூல் எழுதினார்கள். கொசு, ஈ, உண்ணி, பேன் எல்லாவற்றையும் எப்படிப் பிடிப்பது, எப்படி வளர்ப்பது, எப்படி அறுத்துப் பார்ப்பது என்று கைப்பிடித்துச் சொல்லித் தரும் புத்தகம். கிராக் பிற்பாடு டைபஸ் காய்ச்சல் ஆராய்ச்சியில் ஈடுபட்டு, அதே காய்ச்சலுக்குப் பலியானார். பேன் சுமக்கும் நோய்களைப் பற்றி எழுதும் வாரத்தில் அவரிடம் திரும்பி வருகிறேன்.

சரி, பேட்டன் ஸ்லைடில் கண்டது என்ன? நாயின் சிவப்பணு சுமார் 7 மைக்ரான் அகலம். அதற்குள்ளே 1 முதல் 3 மைக்ரான் அளவில், கல் பதித்த மோதிரம்போல ஒரு சின்ன வளையம், வளையத்தின் ஓரத்தில் கருநிறப் புள்ளி. அதற்கு முன்பே தெரிந்திருந்த நாய்ப் பேபிசியாக்கள் இப்படி இருக்காது. அவை 4, 5 மைக்ரான் நீளத்தில், துளி வடிவில், பெரும்பாலும் ஜோடி ஜோடியாகச் சிவப்பணுவை அடைத்துக்கொண்டு நிற்கும். உருவத்தைத் தவிர வேறு சாட்சி இல்லாத காலத்தில், இது வேறு என்று அடித்துச் சொல்ல நிறையவே துணிவு வேண்டும்.

அந்த வித்தியாசம் ஏட்டோடு போகிற சமாசாரமல்ல. நம் ஊரில் பெரிய ரகமான பேபிசியா வோகெலியும் உண்டு, சின்ன ரகமான கிப்சோனியும் உண்டு. இரண்டிலும் காய்ச்சல், வெளிறிய ஈறு, சோர்வு, பிளேட்லெட் சரிவு. வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், டிக் ஃபீவர். எர்லிச்சியா என்ற பாக்டீரியாக் காய்ச்சலும் அதே பெயருக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் வைத்தியம் வேறு வேறு. எர்லிச்சியாவுக்கு டாக்சிசைக்ளின். பெரிய பேபிசியாவுக்கு இமிடோகார்ப் ஊசி நன்றாக வேலை செய்கிறது. அதே ஊசி கிப்சோனியை ஒழிப்பதில்லை. அதற்கு அட்டோவக்வோனும் அசித்ரோமைசினும் சேர்த்து 10 நாள் கொடுக்க வேண்டும். அட்டோவக்வோன் உடம்பில் சேரக் கொழுப்புள்ள சாப்பாடு வேண்டும், விலையும் அதிகம். அதனால்தான் ரிப்போர்ட்டில் "பேபிசியா பாசிட்டிவ்" என்று மட்டும் இருந்தால் நான் திருப்தியடைவதில்லை. சின்னதா, பெரியதா என்று லேபிடம் கேளுங்கள். நாயை வளர்ப்பவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கிற உரிமை உண்டு.

அதைக் காட்டும் ரத்த ஸ்மியரை எடுப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. காதுமடலின் ஓரத்தில் லேசாகக் குத்தி, நுண்குழாயிலிருந்து வருகிற துளியை எடுப்பது பழைய முறை. சிரையில் எடுத்த ரத்தத்தைவிட அதில் ஒட்டுண்ணி கிடைக்கும் வாய்ப்பு கூடுதல், அதிலும் பெரிய ரகத்துக்கு. ஸ்லைடில் மெல்லியதாக இழுத்து, உலரவிட்டு, மெத்தனாலில் நிலைநிறுத்தி, கீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டு 1000 மடங்கு பெருக்கிப் பார்க்க வேண்டும். பார்க்கிறவருக்குப் பொறுமை வேண்டும். அவசரக்காரருக்குச் சாயத்தூள் ஒட்டுண்ணியாகத் தெரியும், நிஜ ஒட்டுண்ணி தூசியாகத் தெரியும்.

எவ்வளவு பொறுமையாகப் பார்த்தாலும் ஸ்மியருக்கு ஓர் எல்லை உண்டு. நோய் முற்றிய வாரத்தில் வளையங்கள் எளிதில் கிடைக்கும். நாள்பட்ட நாயிடம் பல்லாயிரம் சிவப்பணுக்களுக்கு ஒன்றில்கூட இருக்காது. நாய் சாப்பிடும், விளையாடும், கிருமியையும் சுமந்துகொண்டிருக்கும். ஸ்லைடு சுத்தமாக இருப்பதைப் பார்த்து அதன் ரத்தத்தை இன்னொரு நாய்க்கு ஏற்றினால் நோயும் சேர்ந்து ஏறும்.

சண்டை நாய்களின் கதையும் இதோடு சேர்ந்தது. அமெரிக்காவில் கிப்சோனி அதிகம் கிடைப்பது பிட்புல் நாய்களிடம். ஜப்பானில் டோசா நாய்களிடம். உண்ணியே இல்லாமல், கடித்துக் குதறுகிற வாய் வழியாக ரத்தத்திலிருந்து ரத்தத்துக்குப் போகிறது. நாய்களை மோதவிட்டுப் பார்க்கும் கொடுமைக்கு இப்படியும் ஒரு விலை, அதைக் கொடுப்பதும் நாய்தான். உங்கள் நாய்க்குக் கடிபட்டுச் சில வாரங்களில் ஈறு வெளிறினால், உண்ணி கண்ணில் படவில்லை என்றாலும் டாக்டரிடம் அந்தச் சண்டையைச் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை தேவை என்பதையே அந்த ஒரு தகவல் மாற்றிவிடும்.

இன்னொரு பொறியும் உண்டு. கிப்சோனி வந்த நாயின் உடம்பு தன் சிவப்பணுக்களையே எதிரியாகக் கருதி அழிக்க ஆரம்பிக்கலாம். அந்தத் தாக்குதலைத் தேடும் கூம்ப்ஸ் பரிசோதனை அப்போது பாசிட்டிவ் காட்டும். ஒட்டுண்ணியைத் தேடாமல் அதை மட்டும் நம்பினால், இது எதிர்ப்புச் சக்தியின் கோளாறு என்று முடிவுகட்டி ஸ்டீராய்டை ஏற்றுவார்கள். எதிர்ப்பு அடங்கியதும் கிருமிக்குத் தடையே இல்லை. ரத்தசோகைக்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன் பேபிசியாவைத் தேடிவிட வேண்டும் என்று நிபுணர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆன்டிபாடி பரிசோதனை? சுருக்கமாகச் சொல்கிறேன். கிருமி எப்போதோ வந்துபோனதையும் இப்போது இருப்பதையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு ரகத்தின் ஆன்டிபாடி இன்னொரு ரகத்தின் சோதனையிலும் பாசிட்டிவ் காட்டும்.

கடைசியில் பிசிஆரின் வாசலுக்கு வந்துவிட்டோம். கலிபோர்னியா நாய்களிடம் கிடைத்த சின்ன வளையத்தைப் பல காலம் கிப்சோனி என்றே எழுதிவந்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் இரண்டுக்கும் பிரிவினை சொல்வது கடினம். மரபணுவைப் படித்தபோது உறவே வேறாக இருந்தது. 2006-இல் அதற்கு பேபிசியா கொன்ராடே என்று தனிப்பெயர் வைத்தார்கள், அதை ஆராய்ந்த பட்ரீசியா கான்ராடைக் கௌரவிக்கும் விதமாக. பேட்டனின் கண் எட்டிய தூரம் அபாரம், ஆனால் கண்ணால் எட்ட முடியாத தூரமும் இருந்திருக்கிறது.

பிசிஆர் அதை எப்படி எட்டுகிறது, மருந்து முடிந்த பிறகு 60-ஆம் நாளும் 90-ஆம் நாளும் ஏன் மறுபடி பரிசோதிக்கச் சொல்கிறார்கள், அட்டோவக்வோனுக்கு மசியாத கிப்சோனியின் மரபணுவில் மாறியிருப்பது எது என்பதெல்லாம் அடுத்த வாரம். இடம் இருந்தால், உண்ணி கடித்து வராமல், உண்ணியை நாய் விழுங்குவதால் வருகிற ஹெபட்டோசூனையும் பார்ப்போம்.

(தொடரும்)