விளம்பரம் பார்த்தால் இலவச அழைப்பா? தட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்!

துபாயில் வேலை பார்க்கும் மகனிடம் பேச வேண்டும். அங்கே வாட்ஸ்அப் குரல் அழைப்புக்குக் கட்டுப்பாடு உண்டு. சாதாரண சர்வதேச அழைப்பு என்றால் நிமிடத்துக்கு நிமிடம் காசு ஏறும். அந்த நேரம் பார்த்து செல்போன் திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது: "இந்த ஆஃபரை முடியுங்கள், 30 நிமிடம் இலவசமாகப் பேசுங்கள்!" "சும்மாதானே குடுக்குறாங்க, நமக்கு என்ன நஷ்டம்?" என்று நாமும் தட்டிவிடுகிறோம்.

இப்படி வருவதெல்லாம் மோசடி அல்ல. அதே சமயம், எல்லாமே சும்மா கிடைப்பதும் அல்ல. இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே தட்டலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பது உங்களுக்கே புரியும்.

காசு யார் கொடுக்கிறார்கள்?

ஒரு நிறுவனம் தன் ஆப்பைப் பத்துப் பேர் நிறுவ வேண்டும் என்று விரும்புகிறது. அதற்காக ஆளுக்கு 20 ரூபாய் தரத் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தை நடுவில் இருக்கும் இலவச அழைப்பு ஆப் வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பங்கை மட்டும் உங்களுக்கு "கிரெடிட்" ஆகத் தருகிறது. ஆக, இங்கே விற்கப்படுவது உங்கள் நேரமும் தகவலும்தான்.

இது புதிய யோசனையும் இல்லை. பிரிட்டனில் 2007-ல் தொடங்கிய 'பிளைக்' என்ற சேவை, விளம்பரங்களைப் பெறச் சம்மதித்த இளைஞர்களுக்கு மாதம் 43 நிமிட அழைப்பும் 217 குறுஞ்செய்திகளும் இலவசமாகக் கொடுத்தது. 2009-ல் அங்கே அந்தச் சேவை நின்றுபோனது. விளம்பரப் பணம் வரும்வரைதான் இலவசம். உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கும் கிரெடிட்டும் அப்படித்தான். அது வங்கிச் சேமிப்பு அல்ல.

"முடிச்சாச்சு, ஆனா கிரெடிட் ஏறலையே!"

பலரும் சொல்லும் குறை இது. நீங்கள் எந்த லிங்க் வழியாக வந்தீர்கள் என்பதை வைத்துத்தான் கணக்கு ஏறும். அந்த ஆப்பை முன்பே ஒருமுறை நிறுவியிருந்தாலோ, விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலோ, நிறுவிய பிறகு திறந்து பார்க்காமல் விட்டாலோ கணக்கு ஏறாமல் போகலாம். நிபந்தனைகளை முதலிலேயே படியுங்கள். முடித்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். துபாய்க்கு நிமிடத்துக்கு எத்தனை கிரெடிட், எத்தனை நாளில் அது காலாவதியாகும் என்பதையும் பாருங்கள். மணிக்கணக்கில் விளம்பரம் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம்தான் பேச முடியும் என்றால், அது லாபமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று: இத்தகைய ஆப்களில் பெரும்பாலானவை 112 போன்ற அவசர எண்களுக்கு அழைக்க உதவாது. சிம்மை எப்போதும் செயல்பாட்டில் வைத்திருங்கள்.

மூன்று இடங்களில் கவனம்

1. "ஒரு ரூபாய் டிரையல்": ஒரு ரூபாய் கட்டி ஏதோ ஒரு சேவையில் சேர்ந்தால் நிறைய கிரெடிட் கிடைக்கும் என்பார்கள். அந்த ஒரு ரூபாயோடு நீங்கள் 'ஆட்டோபே' அனுமதியும் கொடுத்துவிடக்கூடும். பிறகு மாதாமாதம் பணம் போகும். ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த மெசேஜை அலட்சியம் செய்யாதீர்கள். உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய், வேண்டாததை ரத்து செய்யலாம். ஆப்பை நீக்கினால் மட்டும் ஆட்டோபே நிற்காது.

2. சிம் பேலன்ஸ் கரைவது: விளம்பரத்தைத் தட்டியதும் ஜோதிடம், கேம்ஸ் போன்ற கட்டணச் சேவை தொடங்கிவிடலாம். டிராய் விதிப்படி, இதற்கு உங்கள் ஒப்புதலை இரண்டு முறை பெற வேண்டும். தெரியாமல் தொடங்கியிருந்தால் 155223 என்ற கட்டணமில்லா எண்ணில் நிறுத்தச் சொல்லுங்கள்.

3. அனுமதிகள்: பேசுவதற்கு மைக் வேண்டும், சரி. ஆனால் குறுஞ்செய்தியைப் படிக்கவும், 'அக்சஸிபிலிட்டி' அனுமதியும் ஏன் கேட்க வேண்டும்? அதைக் கொடுத்தால் உங்கள் ஓடிபியும் வங்கி ஆப்பும் அடுத்தவர் கண்ணில் படக்கூடும். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை எந்தக் காரணத்துக்காகவும் நிறுவாதீர்கள்.

இது ஆஃபர் இல்லை, வலை

"வீடியோவுக்கு லைக் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய்" என்று டெலிகிராமில் அழைப்பு வரும். முதல் நாள் நிஜமாகவே நூறு, இருநூறு ரூபாய் உங்கள் கணக்குக்கு வரும். நம்பிக்கை வந்ததும், "அடுத்த டாஸ்க்குக்கு 1,000 ரூபாய் கட்டுங்கள், 1,300 ஆகத் திரும்பும்" என்பார்கள். கட்டிய பணத்தை மீட்க மேலும் கட்டச் சொல்வார்கள். சேமிப்பு, நகைக்கடன் பணம் எல்லாம் இப்படித்தான் போகிறது.

ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள்: சம்பாதிக்க வந்த இடத்தில் உங்களிடமே பணம் கேட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையில்லை. ஓடிபியும் தேவையில்லை. "உங்க அக்கவுண்டைக் கொஞ்ச நாள் குடுங்க, கமிஷன் தர்றோம்" என்றால் அதற்கும் சம்மதிக்காதீர்கள். அதன் வழியாக மோசடிப் பணம் போனால், போலீஸ் விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

பணம் போய்விட்டால்?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன் தகவல் போய்ச் சேர்ந்தால் அதை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், தொகை, நேரம், ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். வங்கிக்கும் தெரிவியுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தேசியத் தளத்திலும் புகார் பதியலாம். பணம் போகவில்லை, சந்தேகமான அழைப்போ மெசேஜோ மட்டும் வந்தது என்றால், சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்ஷு' பகுதியில் தெரிவியுங்கள்.

இன்று இரவே உங்கள் செல்போனோடு அப்பா, அம்மா செல்போனையும் வாங்கி, ஆட்டோபே பட்டியலையும் ஆப் அனுமதிகளையும் ஒருமுறை பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.