நட்சத்திரத்தின் பக்கத்தில் ஒளிந்திருந்தது யார்? புற ஊதாக் கண்ணில் சிக்கிய ரகசியம்

வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் தடவுவது புற ஊதாக் கதிருக்குப் பயந்துதான். சூரியனைவிடப் பல மடங்கு சூடான நட்சத்திரங்கள் தங்கள் ஒளியில் பெரும்பகுதியைப் புற ஊதாவாகவே கொட்டுகின்றன. ஆனால், அதில் பெரும்பங்கை நம் வளிமண்டலம் வழியிலேயே விழுங்கிவிடுகிறது. நமக்கு நல்லது, வானியலாளர்களுக்குத் தலைவலி. அளக்கணும்னா மேலே போயே ஆகணும்.

2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் அதற்கென்றே ஒரு கருவி உண்டு. பெயர் யூவிஐடி. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையில் உருவான இரட்டைத் தொலைநோக்கி இது.

மேலே போனதும் மூடியைத் திறந்துவிடவில்லை. செயற்கைக்கோளின் பாகங்களிலிருந்து கசியும் ஆவி கண்ணாடியில் லேசாகப் படிந்தாலும் போச்சு, புற ஊதா உள்ளே வராது. அந்த ஆவி அடங்கட்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்து, நவம்பர் 30-ல்தான் திறந்தார்கள்.

இது செல்போன் கேமரா மாதிரி ‘க்ளிக்’ செய்வதில்லை. வந்து விழும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது, விநாடிக்குச் சுமார் 29 ஃபிரேம் வேகத்தில். செயற்கைக்கோள் லேசாக ஆடுமே? அந்த ஆட்டத்தைக் கணக்கிட்டு, ஃபிரேம்களைச் சரியாக நகர்த்தி அடுக்குகிறார்கள். எண்ணிக்கையை வெளிச்ச அளவாக மாற்ற ஒரு எடைக்கல்லும் வேண்டும். ஏற்கெனவே துல்லியமாக அளக்கப்பட்ட ஹெச்.இசட். 4 என்ற வெள்ளைக் குள்ள நட்சத்திரம்தான் அந்தக் கல். ஒரு வேடிக்கை: மிகப் பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்தால் கருவியே கெட்டுவிடும்!

முதலில் பார்த்த இலக்குகளில் ஒன்று என்ஜிசி 188. சுமார் 700 கோடி வயதான நட்சத்திரக் கூட்டம். எல்லாம் கிழடு தட்டிய அந்த ஊரில், சில மட்டும் இளமையாக மினுக்குகின்றன. அதில் ஒன்றைப் பல ஃபில்டர்களில் அளந்தபோது கணக்கு உதைத்தது. சுமார் 6,000 கெல்வின் வெப்பமுள்ள நட்சத்திரம் அவ்வளவு புற ஊதாவைத் தர முடியாது. பக்கத்திலேயே 17,000 கெல்வினில் இன்னொன்று இருந்தால்தான் கணக்கு நேராகிறது என்றது, அன்னபூரணி சுப்ரமணியம் தலைமையில் 2016-ல் வெளியான ஆய்வு. தன் பொருளைத் துணைக்குப் பறிகொடுத்து, சூடான உள்பகுதி மட்டும் மிஞ்சிய நட்சத்திரம் அது. பறித்த பொருளில்தான் மற்றதற்கு இந்த இளமை. சாதாரண ஒளியில் பார்த்தால் ஒற்றை நட்சத்திரம்தான் தெரியும்.

2018-ல் கருவியின் ஒரு கண், அதாவது அண்மைப் புற ஊதாப் பிரிவு, செயலிழந்தது. அதற்குப் பிறகு எண்ணும் வேலை முழுக்க சேய்மைப் புற ஊதாக் கண்ணின் தலையில்தான்.