உங்களுக்குத் தெரியுமா? – பாட்டுக்குள் ஓசை

'ஆடிப் பட்டம் தேடி விதை', 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' – இரண்டுமே ஆடி மாதப் பழமொழிகள். முதலாவதில் ஆடி, தேடி என இரண்டாம் எழுத்து ஒன்றுகிறது, அது எதுகை. அடுத்ததில் ஆடி, அம்மி என முதலெழுத்து இணைகிறது, அது மோனை. இரண்டிலும் அந்தப் பொருத்தம் முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் இடையில்தான். யாப்பிலக்கணம் இதைப் 'பொழிப்பு' என்கிறது. இலக்கணம் படிக்காத வாயிலும் இந்தக் கணக்கு தப்பவில்லை!

★ எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்தால் மட்டும் போதாது. முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். கட்டு–பட்டு சேரும். காட்டு–பட்டு சேராது.

★ மோனைக்கு அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை. ச–த, ஞ–ந, ம–வ ஆகிய இணைகளும் மோனைதான். ம, வ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மகரத்துக்கு இரண்டு உதடும் ஒட்டும். வகரத்துக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடும். பிறக்கும் இடம் பக்கத்துப் பக்கம் என்பதால் காது இரண்டையும் உறவாக ஏற்றுக்கொள்கிறது.

★ சலசல, கலகல போன்ற இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் போய்விடும். 'வா வா' என்பதைப் பிரிக்கலாம், அது அடுக்குத்தொடர்.

★ உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாடுவது நிரோட்டகம். ப, ம, வ கூடாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஓசைகளும் கூடாது. 17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி' பாடினார். திருச்செந்தூர் முருகன்மேல் பாட்டு. ஆனால் இந்த விதிப்படி முருகன், வேல், மயில் என்ற மூன்று சொல்லுக்கும் இடமில்லை! போதாக்குறைக்கு, ஒரே எழுத்துத்தொடர் அடிதோறும் வேறு வேறு பொருளில் வர வேண்டும் (யமகம்). ஒரு பாட்டின் முடிவில் அடுத்த பாட்டு தொடங்கவும் வேண்டும் (அந்தாதி). தமிழில் இதற்கு மேல் கடினமான கட்டு இருக்குமா என்று வியக்கத் தோன்றுகிறது.

'துறவு' அதிகாரத்தின் முதல் குறளையும் (341) சொல்லிப் பாருங்கள். உதடு எங்கும் ஒட்டாது. ஓர் ஓகாரத்தில் மட்டும் குவியும். கறாராகப் பார்த்தால் அது நிரோட்டகம் ஆகாது.

★ அந்தாதி மிகப் பழையது. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தே அந்தாதியாக அமைந்ததுதான். காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியில் 101 வெண்பாக்கள். ஒன்றின் கடைசிச் சொல்லே அடுத்ததை எடுத்துக் கொடுப்பதால், ஏட்டைப் பார்க்காமல் ஓதுபவருக்கு வரிசை மாறாது.