சலப்பையும் மருந்தாளரும்

முதியவர் ஒருவருக்குத் திடீரெனச் சலம் தடைப்பட்டால், வைத்தியர் குழாய் செலுத்தி அதனை வெளியேற்றுவார். தாதியர் அக்குழாயைப் பேணுவர். மருந்தாளருக்கு அங்கே என்ன பணி?

தடையின் காரணம் சில வேளை நோயாளியின் மருந்துப் பையிலேயே இருக்கும். தடிமனுக்கு விழுங்கிய குளோர்பெனிரமின், மனச்சோர்வுக்குத் தரப்படும் அமிற்றிரிப்டிலின் போன்றவை சலப்பைத் தசை சுருங்கும் வலிமையைக் குறைப்பன. புரொஸ்டேட் சுரப்பி பருத்தவருக்கு அதுவே பேரிடராகலாம். வெவ்வேறிடங்களில் பெற்ற மருந்துகளை ஒருங்கே ஆராய்ந்து, மாற்றத்தக்கதை வைத்தியருக்கு எடுத்துரைப்பவர் மருந்தாளர்.

இத்தகையோரைப் பயிற்றும் பட்டநெறி, நுகேகொடை கங்கொடவிலவிலுள்ள ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் உண்டு. ஆயினும், நோயாளி மறைத்த மருந்தை எவரும் ஆராய இயலாது. ஆகவே, வைத்தியசாலைக்குச் செல்கையில், கடையில் வாங்கிய குளிசைகள் உட்பட யாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். நீங்களாக எதனையும் நிறுத்திவிடாதீர்கள்.